அரசியல் விவாதத்தால் சைக்கிளில் போகிறவருக்கு நிஜமாகவே ஏதாவது நல்லது நடக்குமா?

நடக்கும், ஆனால் பேச்சு சட்டமாகிப் பணமும் ஆளும் ஒதுக்கிய பிறகுதான். 'நல்லது' என்று இங்கே நான் சொல்வது, பால் வாங்கவோ பள்ளிக்கூடம் போகவோ பயமில்லாமல் சைக்கிளை எடுக்க முடிவதை.

பெர்லினைப் பாருங்கள். 2016-இல் நல்ல சைக்கிள் பாதைகள் கேட்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டார்கள், நாலு வாரம்கூட ஆகவில்லை. இழுபறிக்குப் பிறகு 2018-இல் சட்டம் வந்தது. அப்புறமும் ஆமை வேகம்தான். காரணம், சாலையின் அகலம் அதிகமாகப் போவதில்லை. சைக்கிளுக்கு இடம் என்றால் பெரும்பாலும் கார் நிறுத்தும் இடம் போகும். ஒரே குளியலறை உள்ள கூட்டுக் குடும்பம் மாதிரி: முறை வைக்கலாம் என்று எல்லாரும் தலையாட்டுவார்கள், தன் பத்து நிமிடத்தை விட்டுத்தர மட்டும் ஆள் கிடையாது.

2020-இல், கொரோனா நேரத்தில், அதே நகரம் மஞ்சள் கோடு போட்டு, சிவப்பு வெள்ளைத் தடுப்புகளை நட்டு, சில நாட்களிலேயே பாதைகளை அமைத்தது. (மனசு வைத்தால் முடிகிறதே!)

சட்டம் வந்துவிட்டால் பாதையும் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதே பெர்லினில் 2023-இல் ஆட்சி மாறியதும், சட்டம் அப்படியே இருக்க, பல பாதைத் திட்டங்கள் மறுபரிசீலனை என்று நிறுத்தி வைக்கப்பட்டன.