ரொட்டி நன்றாக வருகிறது, கடை நடக்குமா?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் நல்ல வேலையில் இருக்கிறாள். இரண்டு வருடமாக வீட்டில் சோர்டோ ரொட்டி, அதாவது இயற்கையாகப் புளிக்க வைத்த மாவில் செய்யும் ரொட்டி, சுடுகிறாள். சாப்பிட்டவர்கள் எல்லாரும் கடை போடச் சொல்கிறார்கள். இப்போது வேலையை விட்டுவிட்டு ஆர்டிசன் பேக்கரி, அதாவது கைவினையாக ரொட்டி சுடும் கடை, தொடங்கப் போவதாக அவளே சொல்கிறாள். தடுத்தால் மனம் உடைந்துவிடுவாளோ, விட்டால் படித்த படிப்பு வீணாகிவிடுமோ என்று தவிக்கிறீர்கள். இந்தத் தவிப்போடு என்னிடம் வரும் பெற்றோர் பலர். உங்கள் பயம் நியாயமானதுதான்.

'இந்தத் தொழிலுக்கு எதிர்காலம் உண்டா' என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நீங்களும் அவளும் எந்த முடிவுக்கும் வர முடியாது. அதற்குப் பதிலாக இன்று இரவு சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் இதைக் கேளுங்கள்: 'உனக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்கு ரொட்டியை யார் சுடுவார்கள்?' குறை சொல்லும் குரலில் வேண்டாம், தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேளுங்கள். பேக்கரி தொடங்க நினைத்து என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். பதில் வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு.

ஏன் இந்தக் கேள்வி என்பதற்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஒரு நாளைக்கு 60 ரொட்டி என்று வைத்துக்கொள்வோம். சிறிய கடைக்கு இது பெரிய எண்ணிக்கை அல்ல. ஓவனில் ஒரு ஈட்டுக்கு 12 ரொட்டி போகும் என்றால் ஐந்து ஈடு. சுடுவதற்கு முக்கால் மணி நேரம், ஓவன் மறுபடி சூடேறக் கொஞ்ச நேரம், ஆக ஒரு ஈட்டுக்கு ஒரு மணி நேரம். கடையைக் காலை 8 மணிக்குத் திறக்க வேண்டும். ரொட்டி ஆறாமல் வெட்டினால் உள்ளே பிசுபிசுவென்று இருக்கும், அதனால் கடைசி ஈடு 7 மணிக்காவது வெளியே வந்தாக வேண்டும். அப்படியானால் முதல் ஈடு இரவு 2 மணிக்கு உள்ளே போகிறது. ஓவனை 1 மணிக்கு மூட்டியிருக்க வேண்டும். இது சுடும் வேலை மட்டும்தான். அந்த மாவை முந்தின நாள் மதியம் பிசைந்து, நான்கைந்து மணி நேரம் புளிக்க விட்டு, மாலையில் ஒவ்வொன்றாக உருட்டி வடிவம் கொடுத்து, ஃபிரிட்ஜில் வைத்திருக்க வேண்டும். காலை 8 மணிக்கு மேல் கடையில் நின்று விற்கவும் ஆள் வேண்டும். பாத்திரம் கழுவ, மாவு மூட்டை வரவழைக்க, கணக்கு எழுத, ஸ்டார்ட்டருக்கு, அதாவது ரொட்டியைப் புளிக்க வைக்கும் தாய் மாவுக்கு, வேளாவேளைக்கு மாவும் தண்ணீரும் போட நேரம் வேண்டும். ஒரே ஆள் இத்தனையும் செய்தால் அவள் எப்போது தூங்குவாள்?

வீட்டில் சுடும்போது இந்தச் சிக்கல் தெரியவே தெரியாது. மாவு பொங்கத் தாமதமானால் காத்திருக்கலாம். சாப்பாட்டை அரை மணி தள்ளி வைத்தால் போதும். கடையில் மாவும் காத்திருக்காது, வாடிக்கையாளரும் காத்திருக்க மாட்டார்.

சில வருடம் முன்பு, நான் ஆலோசனை சொன்ன ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்திருந்த பேக்கரிக்கு விடியற்காலை மூன்றரை மணிக்குப் போயிருந்தேன். மேஜை மேல் உள்ளே தெரியும்படியான பிளாஸ்டிக் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் மாவு எந்த உயரத்தில் இருந்தது என்று காட்ட ஒரு ரப்பர் பேண்ட், பக்கத்தில் ஒட்டிய டேப்பில் பேனாவால் ஒரு நேரம். தலைமை பேக்கர் ஒரு தொட்டியில் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்தார். 28 டிகிரி காட்டியது. இருக்க வேண்டியது 25. ஒரு வார்த்தை பேசாமல் டேப்பில் இருந்த 4:40-ஐ அடித்துவிட்டு 4:00 என்று எழுதினார். அப்புறம் விரலை ஈரம் செய்துகொண்டு மாவை மெதுவாக அழுத்தினார். பள்ளம் பாதி வரை மெல்ல மேலே வந்து நின்றது. 'இன்னும் இருபது நிமிஷம்' என்றார். அந்தப் பையன் அதன் பிறகு என்னிடம் சொன்னது: 'சார், ரெசிபி எனக்கு ஒரு நாளில் மனப்பாடம் ஆகிவிட்டது. இந்த நாற்பது நிமிஷத்தைக் கற்றுக்கொள்ள எட்டு மாதம் ஆனது.'

அந்தப் பையன் சொன்னது மிகையில்லை. புளிப்பு மாவில் இருப்பவை உயிருள்ள ஈஸ்ட்டும் லாக்டிக் அமில பாக்டீரியாவும். சூடு இரண்டு மூன்று டிகிரி கூடினாலே அவற்றின் வேகம் மாறிவிடும். அதனால் தொழிலில் இருப்பவர்கள் பிசைவதற்கு முன்பே தண்ணீரின் சூட்டைக் கணக்குப் போடுவார்கள். பிசைந்த மாவு 25 டிகிரியில் இருக்க வேண்டும் என்றால் அதை 4-ஆல் பெருக்குகிறார்கள், 100. அதிலிருந்து அறையின் சூடு 30, பிசையாத உலர்ந்த மாவின் சூடு 28, ஸ்டார்ட்டரின் சூடு 26, மிக்ஸர் சுற்றுவதால் ஏறும் சூட்டுக்கு ஒரு 5, எல்லாவற்றையும் கழித்தால் 11. ஆக, அன்றைக்கு 11 டிகிரி தண்ணீர். மறுநாள் வெயில் ஏறினால் வேறு எண். அளவுகளும் அப்படித்தான், எல்லாம் மாவின் எடையைப் பொறுத்த சதவீதம்: மாவு 100 என்றால் தண்ணீர் 75, உப்பு 2, ஸ்டார்ட்டர் 20. உங்கள் மகள் இந்தக் கணக்குகளை ஏற்கெனவே ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் மிகவும் நல்ல அறிகுறி. 'கை பதம்' என்று மட்டும் சொன்னால், அவளுடைய கை அவளோடுதான் இருக்கும். வேலைக்கு வருபவருக்கு அதை எப்படிக் கற்றுக்கொடுப்பாள்?

இந்த இடத்தில் பாரிஸ் நகரத்துப் பேக்கரி ஒன்றின் கதையைச் சொல்ல வேண்டும். பொய்லான் என்பது அதன் பெயர். 1932-ல் பியர் பொய்லான் தொடங்கியது. அவருடைய மகன் லியோனல் அதை உலகறியச் செய்தார். 2002-ல் ஒரு ஹெலிகாப்டர் விபத்தில் லியோனலும் அவர் மனைவியும் இறந்துபோனார்கள். மகள் அப்போலோனியாவுக்கு அப்போது 18 வயது. அந்த வயதில் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, ஹார்வர்டில் பட்டப்படிப்பையும் படித்து முடித்தார். அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு ஒரு பேக்கரியை நடத்த முடிந்தது எப்படி? அவருடைய மன உறுதியைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், அது உண்மைதான். ஆனால் அந்தக் கடை ஏறக்குறைய இரண்டு கிலோ எடையுள்ள ஒரே ஒரு பெரிய வட்ட ரொட்டியைப் பிரதானமாக வைத்து வளர்ந்தது என்பதையும், அதைச் சுடத் தெரிந்த பேக்கர்கள் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள் என்பதையும் நான் சேர்த்துச் சொல்வேன். காய்ச்சல் கேள்விக்கான பதில் அதில் இருக்கிறது.

புதிதாகத் தொடங்குபவர்கள் நேர் எதிராகச் செய்கிறார்கள். என்னிடம் வந்த இளைஞர் ஒருவர் முதல் மாதத்திலேயே 14 வகை ரொட்டி வைத்தார். ஒவ்வொன்றுக்கும் தனி மாவு, தனி நேரம், தனி டப்பா. எது நன்றாகப் போகிறது என்று அவருக்கே தெரியவில்லை. மிச்சமானது தினமும் குவிந்தது. ஒன்றேகால் வருடத்தில் கடையை மூடினார். திறமையில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. நான் முன்கூட்டியே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். அதனால்தான் உங்களிடம் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

மிச்சம் என்பது என்ன செய்யும் என்று பாருங்கள். ஒரு ரொட்டியை 100-க்கு விற்கிறோம், மாவு, சம்பளம், வாடகை, மின்சாரம் எல்லாம் சேர்த்து 85 செலவு என்று வைத்துக்கொள்வோம். 100 ரொட்டி சுட்டு 100-ம் விற்றால் 1500 லாபம். 10 மிஞ்சினால் லாபம் 500 ஆகிவிடும். 15 மிஞ்சினால் ஒன்றும் இல்லை, அன்றைய உழைப்பு முழுவதும் இலவசம். இரண்டு நாள் மழை பெய்து ஆள் வராவிட்டால் ஒரு வார லாபம் முழுவதும் கரைந்து, நஷ்டமும் வந்துவிடும். இதற்கு விலையைக் குறைப்பது தீர்வே அல்ல. 1961-ல் இங்கிலாந்தில் சோர்லிவுட் என்னும் வேகமான எந்திர முறை வந்த பிறகு, தொழிற்சாலைகள் மாவைக் கலந்து சில மணி நேரத்துக்குள் ரொட்டியை வெட்டிப் பொட்டலம் கட்டிவிடுகின்றன. முந்தின நாளே மாவு பிசைகிற உங்கள் மகள் அவர்களோடு விலையில் மோதவே கூடாது. முன்கூட்டியே ஆர்டர் வாங்கி, வாங்கிய அளவுக்கு மட்டும் சுடுவதுதான் அவளுக்குப் பாதுகாப்பு. அப்படியும் மிஞ்சுவதைத் துண்டு போட்டு உறைய வைக்கலாம், ரஸ்க்காகவோ தூளாகவோ ஆக்கலாம். ஃபிரிட்ஜில் மட்டும் வைக்க வேண்டாம். அந்தக் குளிரில்தான் ரொட்டி மிக வேகமாகக் காய்ந்தது போல ஆகும்.

மாவுக்கு மட்டும் ஃபிரிட்ஜ் வரம். உருட்டி வைத்த மாவு 4 டிகிரியில் ஓர் இரவு முழுக்கப் பொறுமையாக இருக்கும், சுவையும் கூடும். ஆகவே கடையைக் காலை 8 மணிக்குத்தான் திறக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. 11 மணிக்குத் திறக்கட்டும், அல்லது மாலையில் திறக்கட்டும். வாரத்தில் மூன்று நாள், இரண்டு வகை ரொட்டி. சிறியதாகத் தெரியும்தான். ஆனால் அவள் தூங்கி எழுந்து மனிதராக இருக்க இந்த அளவு போதும்.

உடம்பைப் பற்றியும் ஒரு தாயிடம் சொல்லியாக வேண்டும். 60 ரொட்டிக்கு 54 கிலோ பிசைந்த மாவு. ஒரு நாளில் அதைப் பலமுறை தூக்கி இறக்க வேண்டும், மாவு மூட்டை 25 கிலோ. இடுப்பைவிட எனக்குக் கவலை தருவது மூச்சு. மாவுத் தூசியைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு ஆஸ்துமா வருவது நெடுங்காலமாகவே அறியப்பட்டது. தொழில் நோய்களைப் பற்றி 1700-லேயே எழுதிய இத்தாலிய மருத்துவர் ரமாசினி பேக்கர்களின் மூச்சுத் தொல்லையைக் குறிப்பிட்டிருக்கிறார். மகளுக்கோ குடும்பத்தில் யாருக்கோ வீசிங், ஒவ்வாமை இருந்தால் வேலையை விடுவதற்கு முன்பே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். யாருக்கும் இல்லை என்றாலும் மாவை உயரத்திலிருந்து கொட்டாமல், மாஸ்க் போட்டு, காற்றோட்டத்தோடு வேலை செய்யும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வர வேண்டும்.

சரி, இப்போது என்ன செய்வது? வேலையை உடனே விட வேண்டாம் என்று நான் சொல்லப் போவதாக நீங்கள் எதிர்பார்க்கலாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அவள் சொந்தக் கடை போடுவதற்கு முன் வேறு ஒருவர் பேக்கரியில் ஒரு வருடமாவது வேலை செய்ய வேண்டும் என்பதுதான். அதற்காக இப்போதைய வேலையை விட நேர்ந்தாலும் பரவாயில்லை. ஒரு வருடத்தில் எல்லாப் பருவத்தையும், புதிய விளைச்சல் மாவு வந்ததும் தண்ணீர் அளவு மாறுவதையும், ஓவன் பழுதாகும் நாளையும் அடுத்தவர் பணத்தில் பார்த்துவிடுவாள். பாத்திரம் கழுவும் இடத்தில் தொடங்கச் சொன்னாலும் சம்மதிக்கட்டும். விற்கும் மேஜையில் ஒரு மாதமும், மாவு வாங்கும் கணக்கில் ஒரு மாதமும் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். அடுமனைத் தொழில்நுட்பத்தில் குறுகிய காலச் சான்றிதழ்ப் படிப்பு கிடைத்தால் நல்லதுதான், ஆனால் அது இந்த ஒரு வருடத்துக்கு ஈடாகாது.

அந்த வருட முடிவில் இரவு வேலை ஒத்துவரவில்லை என்று அவளே சொன்னாலும் கற்றது வீண்போகாது. மாவு ஆலைகளின் சோதனைக்கூடத்தில் ரொட்டி சுட்டுப் பார்த்தே மாவின் தரத்தை மதிப்பிடுகிறார்கள். உணவு நிறுவனங்களில் புதிய பொருள் உருவாக்கும் பிரிவு, தரக் கட்டுப்பாடு, பயிற்சி மையம் என்று மாவு தெரிந்த, கணக்கும் தெரிந்த ஆளுக்கு இடம் இருக்கிறது. முதலில் படித்த படிப்பும் அங்கே கைகொடுக்கும்.

சேமிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடை ஒரு ரொட்டி கூட விற்காவிட்டாலும் ஆறு மாத வாடகையும் சம்பளமும் தனியாக எடுத்து வைத்த பிறகு மிச்சம் இருப்பதில் ஓவன் வாங்கட்டும். பழைய ஓவன் போதும். உங்கள் பங்காக நீங்கள் தருவதையும் ஒரே தவணையில் தர வேண்டாம்.

இப்போதைக்கு ஒரு சிறு வேலை மட்டும். அடுத்த இரண்டு மாதம் சனி, ஞாயிறில் தலா 20 ரொட்டி ஆர்டர் எடுத்து, சொன்ன நேரத்துக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் மாவின் சூடு, நேரம், மிஞ்சியது, வந்த புகார், தூங்கிய மணி நேரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதட்டும். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பக்கத்தில் நிற்காமல், அந்த நோட்டைப் பார்த்து நீங்கள் சுடுங்கள். அப்புறம் நோட்டை எடுத்துக்கொண்டு இருவருமாக என்னைப் பார்க்க வாருங்கள். அதுவரை வாடகை ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள்.