பிரஷர் மாத்திரையும் வறட்டு இருமலும்

கேள்வி: வயது 54. எனலாப்ரில் சாப்பிட ஆரம்பித்து ஆறு வாரம் ஆகிறது. பிரஷர் 130/80-க்கு இறங்கிவிட்டது. ஆனால் ராத்திரி முழுக்க வறட்டு இருமல். சிரப் குடித்தும் போகவில்லை. ரத்தக் குழாய்க்குக் கொடுத்த மாத்திரை தொண்டையை ஏன் படுத்துகிறது? நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த வாரமே மருத்துவரிடம் இருமலைச் சொல்லுங்கள். மாற்று மாத்திரை இருக்கிறது.

நம் ரத்தத்தில் ஆஞ்சியோடென்சின்-2 என்றொரு பெப்டைடு உண்டு. எட்டே எட்டு அமினோ அமிலம் கோத்த குட்டிச் சங்கிலி. ரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள தசைச் செல்லின் ஏற்பியில் (சேதி வாங்கும் பூட்டு போன்ற இடம்) இது ஒட்டியதும், செல்லுக்குள் பதுங்கியிருந்த கால்சியம் அவிழ்ந்து பரவுகிறது. தசை இறுகும், குழாய் குறுகும், பிரஷர் ஏறும். இந்தச் சங்கிலிக்கு முதலில் பத்து அமினோ அமிலம். ஏஸ் என்ற நொதி வாலில் இரண்டை நறுக்கிய பிறகுதான் வீரியம் வரும். எனலாப்ரில் அந்தக் கத்தரியை முடக்குகிறது.

அதே கத்தரிக்கு இன்னொரு வேலையும் உண்டு, அங்கேதான் வினை. பிராடிகைனின் என்ற ஒன்பது அமினோ அமிலப் பெப்டைடை வெட்டி அழிப்பதும் அதுதான். பிராடிகைனின், ஆஞ்சியோடென்சின்-2-க்கு எதிர்க்கட்சி: குழாயின் உட்சுவரை நைட்ரிக் ஆக்சைடு சுரக்கவைத்துத் தசையைத் தளர்த்தும். வெட்ட ஆளில்லாமல் அது சேரும்போது பிரஷருக்கு நல்லதுதான். ஆனால் மூச்சுக்குழாயின் நரம்பு நுனிகளையும் உசுப்பிவிடுகிறது. உங்கள் இருமலுக்குப் பெரும்பாலும் அதுவே காரணம்; சிரப் அதை ஒன்றும் செய்யாது.

இந்த மாத்திரைகளின் பூர்வீகம் பிரேசிலின் ஜரராக்கா என்ற விரியன் பாம்பு. பிராடிகைனினை அழியவிடாத பொருள் அதன் விஷத்தில் இருப்பதை பிரேசில் விஞ்ஞானி செர்ஜியோ ஃபெரேரா 1965-இல் வெளியிட்டார். அந்தத் தடத்தில்தான் இவ்வகையின் முதல் மாத்திரையான கேப்டோப்ரில் வந்தது. ஆக, இருமலின் விதை மாத்திரைக்கும் மூத்தது!

மாற்று மாத்திரைக்கு வருவோம். லோசார்டான், டெல்மிசார்டான் வகை கத்தரியைத் தொடாது. ஆஞ்சியோடென்சின்-2 ஒட்டும் ஏற்பியை மறித்து நிற்கும். பிராடிகைனின் வழக்கம்போல் வெட்டுப்படும். மாற்றினால் இருமல் பொதுவாக ஒன்று முதல் நான்கு வாரத்தில் அடங்கும், சிலருக்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். மாற்றிய பின் ரத்தத்தில் பொட்டாசியம், கிரியேட்டினின் பார்க்கச் சொல்வார்கள், தட்டாதீர்கள். சளி, காய்ச்சல், எடைக்குறைவு இருந்தால் மாத்திரைமேல் பழியைப் போடாமல் காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டிய சமயம் ஒன்று உண்டு. உதடோ நாக்கோ வீங்கினால் அடுத்த வேளையைத் தொடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். அதுவும் பிராடிகைனினின் வேலைதான், மூச்சையே அடைத்துவிடும்.