மாடித்தோட்டம்: வாசகர் கேள்விகள்

ஐப்பசி மழைக்குத் தொட்டியில் எதை வைக்கலாம்? போன வருடம் தக்காளி நாற்றெல்லாம் தண்டு அழுகிச் சாய்ந்துவிட்டது.
– வாசகி, தாம்பரம்

அது நாற்றழுகல். நீர் வடியாத மண்ணில் பித்தியம் பூஞ்சை பெருகி, மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டைத் தாக்கும். அந்த இடம் மட்டும் நூலாக மெலிந்து நாற்று மடங்கும். இதைத் தடுக்க, ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியை விதையில் பூசலாம். கிலோ விதைக்கு 4 கிராம் என்பது வயல் கணக்கு. உங்கள் பாக்கெட்டுக்கு ஒரு சிட்டிகை போதும். ஆறிய கஞ்சி சில சொட்டு விட்டு விதையோடு புரட்டி, நிழலில் உலர்த்தி விதையுங்கள். நாற்று விடும் குழித்தட்டு மழைச்சாரல் படாத, வெளிச்சமுள்ள இடத்தில் இருக்கட்டும். தக்காளியைக் கார்த்திகையில் மழை தணிந்தபின் பையில் நடுவதே நல்லது. கேரட், பீட்ரூட்டும் அப்போதுதான்.

இப்போதைக்குப் பொன்னாங்கண்ணி, வல்லாரை, கொடிப்பசலை வையுங்கள். மூன்றும் ஈரத்துக்கு அஞ்சாதவை. பொன்னாங்கண்ணிக்கும் பசலைக்கும் விதைகூட வேண்டாம், தண்டை ஒடித்து நட்டால் போதும். சிறுகீரை வேண்டாம், விதை மிகச் சிறியது. ஒரே மழையில் மூலைக்கு அடித்துப் போய்விடும். தப்பி முளைத்தாலும் வெண்துரு நோய் தாக்கி, இலையின் அடியில் வெள்ளைக் கொப்புளம் வரும். பந்தல் அவரைக்கு ஆடிப்பட்டம் போய்விட்டது. ஆசையிருந்தால் செடி அவரை போடுங்கள்.

கோடைக் கலவையை அப்படியே வைக்காதீர்கள். தென்னை நார்க்கழிவு நீரைப் பிடித்து வைக்கும். செம்மண் 2 பங்கு, மண்புழு உரம் 1, மணல் 1, நார்க்கழிவு அரை என்று மாற்றுங்கள். அடியில் ஓட்டுச்சில்லு பரப்பினால் நீர் வடிந்துவிடும் என்பார்கள். வடியாது, சில்லுக்கு மேலுள்ள மண்ணிலேயே ஈரம் தேங்கும். பையைச் செங்கல் மேல் ஏற்றி, துளையைக் குச்சியால் குத்தி விடுவதுதான் வழி.

செவ்வந்திச் செடி செழிப்பாக இருக்கிறது, மொட்டே இல்லை. ஏன்?
– வாசகர், திண்டுக்கல்

ராத்திரி அதன்மேல் விளக்கு வெளிச்சம் விழுகிறதா பாருங்கள். இரவு நீண்டால்தான் செவ்வந்தி மொட்டுக் கட்டும். தெருவிளக்கோ மாடி விளக்கோ நடு இரவைக் கலைத்தால் இலைதான் விடும். தொட்டியை இருட்டான பக்கம் நகர்த்துங்கள். தழைச்சத்து உரத்தையும் நிறுத்துங்கள். நுனி கிள்ளுவதெல்லாம் ஆவணியோடு சரி, இப்போது கிள்ளினால் மொட்டு வரும் நுனியே போய்விடும். புதிதாக வாங்குவதானால் முழுதாக மலர்ந்ததை விட்டு, நிறம் எட்டிப் பார்க்கும் மொட்டுகள் நிறைந்த செடியாக எடுங்கள்.

அடீனியத்தை (பாலைவன ரோஜா) மழையில் விடலாமா?
– வாசகி, கடலூர்

கூடாது, கூரைக்கடியில் வையுங்கள். அடித்தண்டை வாரம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்றால் அழுகல், கத்தியைச் சுத்தம் செய்து, வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டி, காயவிட்டு நடுங்கள்.