ஓய்வுபெற்ற கூடைப்பந்து வீரர்களில் யாருடைய ஆட்டம் உங்களுக்கு மிகவும் பிடிக்கும்? ஏன்?

டிம் டங்கன். இந்தப் பெயரைச் சொன்னால், "அவருடைய ஆட்டத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று ரொறன்ரோவிலிருக்கும் என் சித்தப்பா கேட்பார். அவர், ரொறன்ரோ அணிக்கு ஆடிய வின்ஸ் கார்ட்டரின் கட்சி. அந்த ஊரில் இருந்துகொண்டு வேறு எந்தக் கட்சியில் சேர முடியும்!

நான் ஆடிப் பழகியது யாழ்ப்பாணத்தில், கூரையில்லாத சீமெந்துத் தரையில். சோளகம் வீசத் தொடங்கிவிட்டால், தூரத்திலிருந்து எறிகிற பந்து எங்கே போகும் என்று எறிந்தவனுக்கே தெரியாது. "காற்றோடு மல்லுக்கட்டாதே, பலகையில் அடி" என்பார் எங்கள் மாஸ்ரர். வளையத்துக்குப் பக்கவாட்டில் நின்று, அதன் பின்னாலுள்ள பலகையில் வரைந்திருக்கும் சதுரத்தின் மேல் மூலையைக் குறிபார்த்து எறிய வேண்டும்; பந்து பட்டுத் திரும்பி வளையத்துக்குள் விழும். எங்களுக்கு அது வேறு வழியில்லாதவன் எறி. காற்றே புகாத அரங்கில், 6 அடி 11 அங்குல உயரமுள்ள ஒருவர் அதே எறியை விரும்பி எறிவதைத் தொலைக்காட்சியில் கண்ட நாளிலிருந்து நான் அவருடைய ஆள்.

டங்கனும் தீவுக்காரர்தான். கரீபியனிலுள்ள செயின்ட் குரோய் அவருடைய ஊர். முதலில் நீச்சல் வீரர். 1989இல் ஹியூகோ புயல் அங்கிருந்த பெரிய நீச்சல் தடாகத்தை உடைத்துப்போட்டது. கடலில் நீந்திப் பழகலாம் என்றால் சுறாப் பயம். அடுத்த வருடம், அவருடைய 14ஆவது பிறந்தநாளுக்கு முதல் நாள், தாயார் புற்றுநோயால் இறந்தார். நீச்சல் அத்தோடு முடிந்தது; கூடைப்பந்துக்கு மாறினார். படித்துப் பட்டம் பெறுவேன் என்று தாய்க்குக் கொடுத்திருந்த வாக்குக்காக, தொழில்முறை ஆட்டத்தின் பணம் அழைத்தபோதும் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடமும் இருந்து உளவியலில் பட்டம் பெற்றார்.

1997இல் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.யில் சான் அன்ரோனியோ ஸ்பர்ஸ் அணிக்கு வந்தவர், 19 பருவங்களும் அங்கேயே ஆடினார். 1999, 2003, 2005, 2007, 2014 என ஐந்து கிண்ணங்கள். 2003 இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தில் 21 புள்ளி, 20 ரீபவுண்ட் (தவறிய எறியின் பந்தைப் பிடிப்பது), 10 அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்கப் பந்து கொடுப்பது), எதிரணியின் எறிகளுக்கு 8 தடுப்பு. எதிரணி தவறு செய்தால் யாரும் மறிக்காமல் எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ மட்டும் அவருக்குச் சரிவரவே இல்லை. நூற்றுக்கு 70ஐ எட்டவில்லை. அதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

2013 இறுதித் தொடரில் கிண்ணத்தைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டம் எங்களுக்குக் காலை நேரம். அலுவலகத்துக்குப் பிந்தியே போனேன். எதிரணியான மயாமி இரண்டு புள்ளி முன்னால். ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரமே மிச்சம். வளையத்துக்கு அருகே, தன்னைவிடக் குள்ளமானவர் மறிக்க, டங்கன் எறிந்தது தவறியது. தட்டிவிட்டதும் தவறியது. ஓடிப்போய் இரு கைகளாலும் தரையில் ஓங்கி அடித்தார். முகத்தில் ஒன்றையும் காட்டாத மனிதர் அவர். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அடுத்த வருடம் அதே மயாமியை நான்குக்கு ஒன்று என்று வென்றபோது அவருக்கு வயது 38.

2016இல் இன்னொரு நட்சத்திர வீரரான கோபி பிரயண்ட் ஊர் ஊராகப் பிரியாவிடை பெற்று, கடைசி ஆட்டத்தில் 60 புள்ளி எடுத்துவிட்டுப் போனார். அதே வருடம் ஜூலையில் டங்கன் ஓய்வு பெறுகிறார் என்று அவருடைய அணி ஓர் அறிக்கை விட்டது. செய்தியாளர் கூட்டம்கூட வைக்கவில்லை.

இப்போதும் பின்னேரங்களில் அந்தச் சீமெந்துத் தரைக்குப் போகிறேன். சிறுவர்கள் எல்லாரும் தூரத்திலிருந்து மூன்று புள்ளிக்குத்தான் எறிகிறார்கள். சோளகக் காலத்தில் பந்து மதிலைத் தாண்டிப் பக்கத்துப் பனங்காணிக்குள் போய் விழும். அவர்கள் தேடி எடுத்துவரும்வரை நான் பலகையோரம் நின்றுகொண்டிருப்பேன்.