ஐந்து பேருக்கு எந்த எஸ்யூவி?

கேள்வி: நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மூட்டுவலி உள்ள என் தாயார் என ஐந்து பேர். அன்றாடம் பள்ளி, அலுவலகம், எப்போதாவது வெளியூர். நீளம் நான்கு மீட்டருக்கு உட்பட்ட எஸ்யூவி போதுமா? ஷோரூமில், மூன்று வரிசை வண்டியாக, அதுவும் டீசலில் எடுக்கச் சொல்கிறார்கள்.

பதில்: போதும். ஐந்து பேருக்கு மூன்றாவது வரிசை எதற்கு? அதை மடக்கியே வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் அதற்குப் பணம் கொடுப்பானேன்? விரித்தால் டிக்கி போய்விடும். மூன்று வரிசை வண்டியான கியா கேரன்ஸில் அப்போது மிஞ்சுவது 216 லிட்டர்தான்.

உங்கள் பட்டியலில் மூன்று வண்டிகள் இருந்தால் போதும். டாடா நெக்ஸான் பாதுகாப்புச் சோதனையில் 2018இலேயே ஐந்து நட்சத்திரம் பெற்றது. டிக்கியும் 382 லிட்டர். மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓவின் அகலம் 1,821 மில்லிமீட்டர், பின்னிருக்கையில் மூன்று பேருக்குத் தோள் இடிக்காது. ஆனால் டிக்கி சிறியது. மாருதி பிரெஸ்ஸா ஓட்ட எளிது, சர்வீஸ் எங்கும் கிடைக்கும். அதில் ஒரு வேடிக்கை: நீளம் 3,995 மில்லிமீட்டர்தான், ஆனால் பெட்ரோல் எஞ்சின் 1,462 சிசி. சிறிய காருக்கான 1,200 சிசி வரம்பைத் தாண்டுவதால் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 40க்குத் தாவிவிடுகிறது. சாலையில் அதே இடத்தை அடைக்கும் இரண்டு வண்டிகளுக்கு இப்படி இரண்டு வரி. இந்த விதியை எழுதியவர்கள்தான் விளக்க வேண்டும்.

தாயாரை ஷோரூமுக்கு அழைத்துப் போங்கள். இருக்கையின் உயரம் அவர் இடுப்பளவில் இருக்க வேண்டும். தாழ்ந்தால் எழுவது கஷ்டம், உயர்ந்தால் ஏறுவது கஷ்டம். கதவை முழுதும் திறந்து, எதையும் பிடிக்காமல் அவர் ஒரு காலை வெளியே ஊன்றிப் பார்க்கட்டும். அந்தச் சோதனையில் தோற்கும் வண்டிக்கு எத்தனை நட்சத்திரம் இருந்தாலும் அது உங்கள் வண்டி அல்ல.

டீசல் உங்களுக்கு வேண்டாம். பிஎஸ்-6 என்ற புகைக்கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. வண்டி நன்றாகச் சூடேறிச் சீரான வேகத்தில் தொடர்ந்து ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து தீரும். பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் நின்று நின்று போகும் வண்டியில் அது அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். இதற்கு விதிவிலக்கு உண்டு. உங்கள் கணவர் தினமும் நெடுஞ்சாலையில் அலுவலகம் போய்வருபவரானால் டீசல்தான் சரி. தினமும் என்றால் தினமும். மாதம் ஒருமுறை ஊருக்குப் போவது கணக்கில் வராது. போக ஒரு மணி நேரம் ஆகிறது என்பதும் போதாது, அதில் முக்கால்வாசி சிக்னலில் நின்ற நேரமாக இருக்கலாம். வண்டி நிற்காமல் ஓடும் நேரத்தை மட்டும் எண்ணுங்கள்.

இனி, நான் அலுக்காமல் சொல்லும் விஷயம். 'இன்ஷூரன்ஸை எங்களிடமே எடுத்தால்தான் தள்ளுபடி' என்பார்கள். மூன்றாம் தரப்புக் காப்பீடு (உங்கள் வண்டியால் பிறருக்கு நேரும் சேதத்துக்கானது) புதிய காருக்கு மூன்று ஆண்டுகள் கட்டாயம், சரி. ஆனால் எந்த நிறுவனத்திடம் எடுப்பது என்பது உங்கள் உரிமை. அதே வண்டிக்கு வெளியே இரண்டு நிறுவனங்களிடம் பிரீமியம் கேட்டுவிட்டு, அந்தத் தாளை மேசையில் வையுங்கள். தள்ளுபடியின் கதை வெளிச்சத்துக்கு வரும். 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒரு தொகை ஆன்ரோடு விலையில் இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். அது அரசுக்குப் போகும் பணம் அல்ல. இதற்குப் புகார் செய்தால் கிடப்பில் போய் விழும், ஆகவே முன்பணம் கட்டுமுன்பே வாதாடுங்கள்.

உங்களுக்கு ஒதுக்கப்பட்ட வண்டியின் தயாரிப்பு மாதத்தையும் சேஸிஸ் எண்ணையும் எழுத்தில் வாங்குங்கள். பதிவுக்கு அனுப்புமுன் வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பதிவான பிறகு அதை மாற்றித்தர யாரும் முன்வர மாட்டார்கள்.