பேச்சு மட்டும் ஒலிபரப்பும் சமுதாய வானொலியை யாராவது கேட்பார்களா? நடத்த என்னென்ன வேண்டும்?

கேட்பார்கள். சினிமாப் பாட்டு போடாவிட்டால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று யாரோ சொல்லி உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள் என்பது கேள்வியிலேயே தெரிகிறது. அப்படிச் சொல்பவர்கள் தனியார் எஃப்எம்மை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். அவர்களுக்கு மாநகரம் முழுக்க நேயர்கள் வேண்டும். சமுதாய வானொலி ஓர் அமைப்பு தன் வட்டார மக்களுக்காக நடத்தும் சின்ன எஃப்எம் நிலையம், உங்களுக்கு 10 கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் போதும். உங்கள் அறக்கட்டளை பதிவாகி 3 ஆண்டுகள் ஆகிவிட்டது, கையிருப்பு ஓர் அறைக்கும் ஒரு ஆன்டெனாக் கம்பத்துக்கும்தான் வரும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விதிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பது அதில்தான் புரியும். ஒலிபரப்பு அலைகள் பொதுச்சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் 2002 கடைசியில்தான் அனுமதிக் கதவு திறந்தது, அதுவும் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். அப்படி வந்ததுதான் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம். 2004 பிப்ரவரி 1 அன்று 90.4 மெகாஹெர்ட்ஸில் தொடங்கிய இதுதான் இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி. தொண்டு நிறுவனங்களுக்கு 2006 நவம்பரில் வழி பிறந்தது. 2008 அக்டோபரில் இப்போதைய தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ ஒலிக்கத் தொடங்கியது. விதை, சிறுதானியம், மாட்டு வைத்தியம் எல்லாவற்றையும் தங்கள் வட்டாரத் தெலுங்கிலேயே பேசினார்கள். நம் பக்கத்தில் 2016 ஆகஸ்ட் 15 அன்று பாம்பனில் கடல் ஓசை என்ற மீனவர் வானொலி வந்தது. காற்றின் வேகமும் அலையின் உயரமும் கடலுக்குப் போகிறவருக்குப் பாட்டைவிட முக்கியம். பேச்சு வானொலியின் பலம் இதுதான்: வேறு எங்கும் கிடைக்காத ஒரு தகவல், அது தேவைப்படும் நேரத்தில்.

"வளாக வானொலிகள் பலவற்றை யாரும் கேட்பதே இல்லையே" என்று ஒருவர் சொல்லலாம். உண்மைதான். அரை மணி நேர வகுப்பறை உரையை அப்படியே ஒலிபரப்பினால் யாரும் கேட்க மாட்டார்கள். அந்தக் குறை நிகழ்ச்சி அமைப்பில் இருக்கிறது, அதைப் பேச்சு வானொலியின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

நிகழ்ச்சி அமைப்பில் முதல் வேலை நேரக்கட்டம். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் புதிதாகப் பேசுவோம் என்று கிளம்பாதீர்கள், இரண்டே மாதத்தில் ஆள் ஓய்ந்துவிடும். காலை 2 மணி நேரம் புதியது, அதையே மாலையில் மறு ஒலிபரப்பு என்று தொடங்குங்கள். காலையில் வேலைக்குப் போனவர் மாலையில் கேட்பார், ஆகவே மறு ஒலிபரப்பில் குறைவு ஒன்றும் இல்லை. ஒரு துண்டு 15 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். தமிழில் நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்குச் சுமார் 100 சொற்கள் வரும். 5 நிமிட உரைக்கு 500 சொல் எழுதினால் போதும், 800 எழுதிக்கொண்டு வருபவர் மூச்சு வாங்கத்தான் வாசிப்பார். சந்தை விலை, மின்தடை அறிவிப்பு, அணைத் தண்ணீர், ரேஷன் கடைக்குச் சரக்கு வரும் நாள் ஆகியவை தினமும் ஒரே நிமிடத்தில் வர வேண்டும். 7.10 என்றால் 7.10தான். கேட்பவர் அந்த நேரத்தை நம்பித்தான் ரேடியோவைத் திருப்புகிறார், நான்கு நாள் தவறினால் திருப்பும் பழக்கமே போய்விடும்.

இலங்கையில் கொத்மலை வானொலி 1990களின் இறுதியில் செய்த ஒன்றை இன்றும் பின்பற்றலாம். இணையம் இல்லாத மக்கள் கேள்விகளை அனுப்புவார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் தேடிப் பார்த்து, விஷயம் தெரிந்தவரை அருகில் உட்கார வைத்து, ஒலிபரப்பிலேயே விளக்குவார். இன்று எல்லாரிடமும் போன் இருக்கிறது, ஆனால் பயிர்க் காப்பீட்டுப் படிவத்தை வாய்மொழியாக விளக்க ஆள் இல்லை. அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

அடுத்தது அறை. முட்டை அட்டை ஒட்டினால் ஒலி அடங்கும் என்பதை நம்பாதீர்கள், கீழ்க்குரலை அது தொடுவதே இல்லை. மரச்சட்டத்துக்குள் 50 மில்லிமீட்டர் கண்ணாடிக் கம்பளி வைத்து மேலே துணி போர்த்துங்கள், சுவருக்கும் அதற்கும் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். காசில்லையென்றால் கனமான பஞ்சு மெத்தைகளைத் தொங்கவிட்டாலும் எதிரொலி நன்றாகக் குறையும். மைக் வாங்கும்போது டைனமிக் வகையே போதும். கண்டென்சர் மைக் மின்விசிறி, தெரு ஹாரன், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் தூரம், சற்றுச் சாய்வாக. நேராகப் பேசினால் "ப" வரும் இடமெல்லாம் வெடிக்கும். பதிவில் உச்சம் -6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேயர் அழைப்பில்தான் புதிய நிலையங்கள் அதிகம் தடுமாறுகின்றன. போனை மிக்ஸரில் (ஒலிகளைக் கலக்கும் கருவியில்) சேர்த்துவிட்டு மொத்த ஒலியையும் அப்படியே போனுக்குத் திருப்பி அனுப்பினால், அழைத்தவருக்குத் தன் குரலே திரும்பக் கேட்கும், அவர் திக்கித் திக்கி நிறுத்திவிடுவார். மிக்ஸரில் எந்தெந்த ஒலி போக வேண்டும் என்று தனியாகத் தேர்ந்து அனுப்பும் வழியான ஆக்ஸ் சென்ட் மூலம் போனுக்கு ஒலி அனுப்புங்கள். அதில் போன் வரும் சேனலின் ஆக்ஸ் குமிழை மட்டும் பூஜ்யத்தில் வையுங்கள். அழைத்தவர் தன் வீட்டு ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாரா என்று நேரலையில் சேர்க்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். 7 நொடி தாமதம் வைத்துக்கொண்டால் கெட்ட வார்த்தை வந்தாலும் வெட்டிவிடலாம்.

ஒலிபரப்பிக்கு (டிரான்ஸ்மிட்டருக்கு) வருவோம். விதிப்படி கதிர்வீச்சுத் திறன் 100 வாட் வரை, ஆன்டெனா உயரம் தரையிலிருந்து குறைந்தது 15, அதிகபட்சம் 30 மீட்டர். வழக்கமாக 50 வாட் ஒலிபரப்பியும் இரண்டு அல்லது நான்கு டைபோல் (அலையை வெளியிடும் கம்பி உறுப்பு) கொண்ட ஆன்டெனாவும் வாங்குவார்கள். கேபிளில் மிச்சம் பிடிக்காதீர்கள். 30 மீட்டருக்கு ஆர்ஜி 213 என்ற சாதாரண வகைக் கேபிள் போட்டால் 50 வாட்டில் ஏறக்குறைய 30 வாட்தான் மேலே போய்ச் சேரும். அரை அங்குல ஃபோம் கேபிள் போட்டால் 42 வாட் சேரும். இணைப்பில் மழைநீர் இறங்கினால் சக்தி ஆன்டெனாவுக்குப் போகாமல் திரும்பி வரும், ஒலிபரப்பி தன்னைக் காத்துக்கொள்ளத் திறனைக் குறைத்துவிடும். மழை பெய்த மறுநாள் "சிக்னல் எடுக்கலை" என்று அழைப்பு வந்தால் முதலில் அந்த இணைப்பைப் பாருங்கள். தானாக உருகி ஒட்டும் ரப்பர் டேப்பைச் சுற்றி, அதன்மேல் பிவிசி டேப் சுற்றுங்கள். திரும்பி வரும் சக்தியைக் காட்டும் எஸ்டபிள்யூஆர் அளவு 1.5க்குள் இருக்க வேண்டும். கடலோரம் என்றால் நட்டு போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இடிதாங்கிக்குத் தனிப் பூமி இணைப்பு கட்டாயம்.

இன்னொன்று, மோனோவில் ஒலிபரப்புங்கள். ஸ்டீரியோவில் எல்லைப் பகுதி ஊர்களில் இரைச்சல் 20 டெசிபல் வரைகூடக் கூடும். பேச்சுக்கு இடது வலது தேவையே இல்லை.

விதிகளில் நான்கை மறக்காதீர்கள். நிகழ்ச்சிகளில் பாதியாவது அந்த ஊர் மக்கள் பங்கேற்பில் உருவானதாக இருக்க வேண்டும். ஒலிபரப்பிய அனைத்தையும் 3 மாதம் பாதுகாத்து வைக்க வேண்டும். விளம்பரம் மணிக்கு 12 நிமிடம் வரைதான், 2024இல்தான் 7லிருந்து உயர்த்தினார்கள். சொந்தமாகச் செய்தி தயாரிக்கக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் வாங்கி அப்படியே ஒலிபரப்பலாம். வானிலை, போக்குவரத்து, தேர்வு முடிவு, மின்சாரம், குடிநீர், உள்ளூர் விழா, பேரிடர் அறிவிப்பு எல்லாம் செய்தியாகக் கருதப்படாது, தாராளமாகச் சொல்லலாம். இந்தச் செய்தித் தடை எனக்கு ஒருபோதும் ஒப்பாதது. போன் வைத்திருக்கும் எவரும் யூடியூபில் ஊராட்சித் தீர்மானத்தைப் பற்றிப் பேசலாம். அரசிடம் முறைப்படி அனுமதி வாங்கி, ஒவ்வொரு நிமிடத்தையும் பதிவு செய்து வைத்திருக்கும் நிலையம் பேசக் கூடாது. பொறுப்புக் கூறுபவரின் வாயைக் கட்டுவது எந்த விதத்தில் பாதுகாப்பு?

யூடியூப் இருக்கும்போது எஃப்எம் எதற்கு என்பவர்கள் கடலூரை நினைத்துப் பார்க்கட்டும். 2015 வெள்ளத்துக்குப் பின் அங்கே பேரிடர் கால வானொலியே தொடங்க வேண்டியிருந்தது. செல்போன் கோபுரம் மின்சாரமின்றி நின்ற பிறகும் பேட்டரி ரேடியோ பாடும்.

ஆனால் ரேடியோவை எதில் கேட்பது? கைபேசி நிறுவனங்கள் எஃப்எம் வசதியை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டன. 2023 ஏப்ரலில் மத்திய அரசு அறிவுரை அனுப்பியும் பல மாடல்களில் அது இல்லை. எஃப்எம் இருக்கும் போனிலும் ஹெட்போன் வயர்தான் ஆன்டெனா, புளூடூத் இயர்போன் மாட்டினால் ஒன்றும் வராது. இதை உங்கள் அறிவிப்பிலேயே வாரம் ஒருமுறை சொல்லுங்கள். தொடக்க விழாவுக்கு வைத்திருக்கும் பணத்தில் பொன்னாடையையும் பந்தலையும் குறைத்து, டீக்கடை, சலூன், தையல்கடை, நூறு நாள் வேலைக்குப் போகும் குழுக்களுக்குச் சின்ன பேட்டரி ரேடியோ வாங்கிக் கொடுங்கள். கொடுக்கும்போதே உங்கள் அலைவரிசையில் வைத்து, டயலில் அந்த இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்.