பாட்டு லிஸ்டுக்கு முன்னால் வேதபகுதி

கர்த்தருக்குள் அன்பான அண்ணனுக்கு,

எங்கள் சபையில் வாலிபர் வேதபாடக் குழுவை நடத்துகிறேன். பதினைந்து பேர் வரை வருவார்கள். முதல் அரைமணி நேரம் ஆராதனை, அப்புறம் வேதபாடம். வேதபாடத்தில் நன்றாகப் பேசுகிறார்கள், கேள்வி கேட்கிறார்கள். ஆராதனையில் மட்டும் மூன்று நான்கு பேர்தான் பாடுகிறார்கள், மற்றவர்கள் சும்மா நிற்கிறார்கள். விளக்கை அணைத்து மெழுகுவர்த்தி ஏற்றிப் பார்த்தேன். திரையில் வீடியோ போட்டேன். ஒரு வாரம் ஆர்வமாக இருந்தார்கள், அடுத்த வாரம் பழையபடிதான். மூப்பர் ஒருவர், "ஆராதனையைக் கேளிக்கை ஆக்கிவிடாதே" என்று எச்சரித்தார். புதுமையாகச் செய்ய நினைப்பதே தவறா? எப்படித் திட்டமிடுவது என்று சொல்வீர்களா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

வேதபாடத்தில் பேசுகிற அதே பிள்ளைகள்தான் ஆராதனையில் மௌனமாக நிற்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவர்களுக்கு ஆர்வம் இல்லாமல் இல்லை. பெரும்பாலான குழுக்களில் கிட்டார் வாசிக்கிறவர் பாட்டுகளைத் தேர்ந்தெடுப்பார், லீடர் வேதபகுதியைத் தேர்ந்தெடுப்பார். இருவரும் கலந்து பேசுவதே இல்லை. அரைமணி நேரம் ஒரு திசையில் போன மனதை அடுத்த நிமிடமே வேறு திசையில் திருப்பச் சொல்கிறோம். மெழுகுவர்த்தியும் வீடியோவும் ஒரு வாரத்தோடு சலித்துப்போனதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அன்றைய வசனத்தோடு அவற்றுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை.

ஆகவே என் ஆலோசனை ஒன்றே ஒன்று: பாட்டு லிஸ்டை ஓரமாக வைத்துவிட்டு அன்று படிக்கப்போகும் பகுதியை எடுங்கள். ஆராதனை எந்த வடிவத்தில் இருக்கவேண்டும் என்பதை அந்தப் பகுதியே சொல்லும்.

மாற்கு 4:35-41 என்று வைத்துக்கொள்வோம். கடலில் புயல் அடிக்கிறது, இயேசு படகின் பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். ஒருவர் கதைசொல்லியாக வாசிக்கட்டும். 38ஆம் வசனம் வந்ததும், "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்பதைக் குழு முழுவதும் சத்தமாகச் சொல்லட்டும். அங்கேயே வாசிப்பை நிறுத்திவிடுங்கள். 39ஆம் வசனத்துக்கு இப்போதே போகவேண்டாம். ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம் கொடுத்து, "உமக்குக் கவலையில்லையா" என்று ஆண்டவரிடம் கேட்க அவரவருக்கு இருப்பதை எழுதச் சொல்லுங்கள். தேர்வு முடிவு, வீட்டில் நடக்கும் சண்டை, கிடைக்காத வேலை, யாரிடமும் சொல்லமுடியாத பயம், எதுவானாலும் சரி. காகிதத்தை மடித்துத் தங்களிடமே வைத்துக்கொள்ளட்டும். யாரும் வாசித்துக்காட்ட வேண்டாம், யாரும் சேகரிக்கவும் வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அப்போதுதான் உண்மையை எழுதுவார்கள்.

எழுதி முடித்ததும், 39ஆம் வசனத்தில் இயேசு கடலைப் பார்த்துச் சொல்வதை ஒரே ஒரு குரல் நிதானமாகச் சொல்லட்டும்: "இரையாதே, அமைதலாயிரு." அதன்பின் இரண்டு நிமிடம் மௌனம். கீபோர்டும் வேண்டாம். இரண்டு நிமிடம் மிக நீளமாகத் தெரியும், சிலர் நெளிவார்கள், யாராவது இருமுவார்கள். பயந்துபோய் அவசரமாகப் பாட்டை ஆரம்பித்துவிடாதீர்கள். காற்றும் கடலும் அடங்கிப்போன பகுதியை வாசித்துவிட்டு நாம் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருப்பது பொருந்தாது. பிறகு எல்லோருக்கும் தெரிந்த ஒரே பாட்டு, வாத்தியம் இல்லாமல்.

அந்தப் பகுதி எப்படி முடிகிறது என்று கவனித்தீர்களா? புயல் அடங்கியபிறகுதான் சீஷர்கள் மிகவும் பயப்படுகிறார்கள். "இவர் யாரோ" என்று ஒருவரையொருவர் கேட்கிறார்கள். எனவே ஆராதனையை உற்சாகமான கோரஸோடு முடிக்காமல் அந்தக் கேள்வியோடு நிறுத்துங்கள். வேதபாடம் அங்கிருந்தே தொடங்கட்டும். மொத்தம் இருபது நிமிடம் போதும்.

சங்கீதம் 136 படிக்கிற வாரம் வேறு மாதிரி இருக்கும். 26 வசனம், ஒவ்வொன்றின் முடிவிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்ற பதில். ஒருவர் முன்வரியைச் சொல்ல, சபை பதில் சொல்வதற்கு ஏற்ற அமைப்பு அது. சிருஷ்டிப்பில் ஆரம்பித்து, எகிப்து, சிவந்த சமுத்திரம், வனாந்தரம் வழியாக வந்து, 23, 24ஆம் வசனங்களில் "நம்முடைய தாழ்வில் நம்மை நினைத்தவர்" என்று நம்மிடமே வந்துவிடுகிறது. 24ஆம் வசனத்துக்குப் பிறகு நிறுத்தி, பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையிலிருந்து ஆளுக்கொரு வரி சேர்க்கட்டும். "என் அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து நடந்துவரச் செய்தவரைத் துதியுங்கள்" என்று ஒரு பிள்ளை சொல்ல, எல்லோரும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று பதில் சொல்வார்கள். சாட்சி சொல்ல எழுந்து நிற்கக் கூச்சப்படுகிறவனும் ஒரு வரி சொல்லிவிடுவான். பிறகு 25, 26 வசனங்களைச் சேர்ந்து வாசித்து முடியுங்கள்.

புலம்பலுக்கும் இடம் கொடுங்கள். இதை அழுத்திச் சொல்லவேண்டும். வாலிபர் ஆராதனை என்றால் கைதட்டலும் மகிழ்ச்சியும் மட்டுமே என்று நாமாகவே முடிவு செய்துவிட்டோம். 150 சங்கீதங்களில் முறையிடுகிற சங்கீதங்கள் எத்தனையோ இருக்கின்றன. 13ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களிலேயே "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. 88ஆம் சங்கீதம் இருளில்தான் முடிகிறது, அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்கள். மனம் உடைந்து வருகிற பிள்ளை உங்கள் குழுவிலும் இருக்கும். சந்தோஷப் பாட்டுகள் மட்டுமே பாடினால், இங்கே தன் துக்கத்துக்கு இடமில்லை என்றுதான் அது நினைக்கும். வாயசைக்காமல் நிற்கிற சிலருக்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

மௌனமும் சிறு பாட்டும் இளைஞர்களுக்கு ஒத்துவராது என்று யாராவது சொன்னால், பிரான்சில் தேசே என்ற ஊரில் இருக்கும் கிறிஸ்தவத் துறவிகளின் சமூகத்தைச் சொல்லுங்கள். சகோதரர் ரோஜர் 1940-ல் அந்த ஊருக்கு வந்து தொடங்கியது. அங்கே ஓரிரு வரிப் பாடல்களைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள், ஜெபத்தின் நடுவே நீண்ட மௌனம் உண்டு. பல நாடுகளிலிருந்து அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள்தான்.

மூப்பர் சொன்னதை அலட்சியம் செய்யாதீர்கள். அவருடைய பயத்தில் நியாயம் இருக்கிறது. 1 கொரிந்தியர் 14-ஐ அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். கூடிவரும்போது ஒருவன் சங்கீதம் பாடுகிறான், ஒருவன் போதகம் பண்ணுகிறான் என்று பவுல் பலருடைய பங்கையும் சொல்லிவிட்டு, எல்லாம் பக்திவிருத்திக்கு ஏதுவாக இருக்கட்டும் என்கிறார். அதே அதிகாரம் ஒழுங்கையும் கிரமத்தையும் கேட்டு முடிகிறது. கைவேலைக்கும் கற்பனைக்கும் வேதத்தில் மரியாதை உண்டு. ஆசரிப்புக் கூடார வேலைக்காகக் கர்த்தர் பெசலெயேல் என்ற கைவினைஞனைத் தம் ஆவியினால் நிரப்பினார் என்று யாத்திராகமம் 31 சொல்கிறது. ஒவ்வொரு வாரமும் நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி: இன்று நாம் செய்தது பிள்ளைகளை வசனத்துக்குள் கொண்டுபோனதா, வசனத்தைவிட்டு வெளியே இழுத்ததா? மெழுகுவர்த்தி, ஒளியைப் பற்றிப் பேசும் யோவான் 1-க்குப் பொருந்தும். எல்லா வாரமும் பொருந்தாது.

இதையெல்லாம் நீங்கள் தனியாகத் தூக்கிச் சுமக்கவேண்டாம். வாரம் இரண்டு பிள்ளைகளிடம் முன்கூட்டியே பகுதியைக் கொடுத்துவிடுங்கள். நன்றாகப் பாடுகிறவர்களாகப் பார்த்துக் கொடுக்காதீர்கள். ஓவியம் வரைகிறவன், குரல் நன்றாக இருக்கிற பெண், எதிலும் கலந்துகொள்ளாமல் பின்வரிசையில் உட்காருகிறவன் என்று மாற்றி மாற்றி ஜோடி சேருங்கள். இந்தப் பகுதியில் யார் பேசுகிறார்கள், எந்த இடத்தில் நமக்கு நெஞ்சு அடைக்கிறது, கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்று அவர்களிடம் கேளுங்கள். பதில்களிலிருந்தே ஆராதனையின் வடிவம் கிடைத்துவிடும். சத்தமாக வாசிக்கத் தயங்குகிறவர்களையும் புதிதாக வந்தவர்களையும் கட்டாயப்படுத்த வேண்டாம், "பாஸ்" என்று சொல்லும் உரிமை எல்லோருக்கும் இருக்கட்டும்.

முதல் வாரத்துக்கு மாற்கு 4-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். "இரையாதே" என்று சொல்லும் அந்த ஒரு குரலை மட்டும் முன்னமே யோசித்துத் தேர்ந்தெடுங்கள். அது லீடரின் குரலாக இருக்கவேண்டியதில்லை.

அன்புடன்,
உங்கள் அண்ணன்